கிண்ணியா பஸ்ஸுக்கு ஒரு ஹெட்போன்

கேள்வி: தினமும் காலையும் பின்னேரமும் கிண்ணியா–திருகோணமலை பஸ். காதுக்குள் செருகுகிற பட்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அரித்துப் புண்ணாகிவிடுகிறது. காதை முழுதாக மூடுகிற பெரியது ஒரே வெக்கை. காதின் மேல் உட்காருகிற சின்ன ஹெட்போன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். தலையில் ஸ்கார்ஃப், கண்ணாடியும் உண்டு. பத்தாயிரம் ரூபாவுக்குள் ஏதாவது தேறுமா? அந்த விலைக்கு வருவதெல்லாம் குப்பை என்கிறான் தம்பி.

13 ஜனவரி 2024

தம்பி சொல்வது பாதி சரி. அந்த விலையில் கிடைப்பதில் முக்கால்வாசி குப்பைதான். மிச்சத்தில் நல்ல சாமான் இருக்கிறது, ஆனால் அது கடைக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் இருக்காது.

ஒன்-இயர் என்று சொல்வது காது மடலின் மேல் அமர்ந்து இலேசாக அழுத்துகிற வகை. சிறியது, மடித்துக் கைப்பையில் போடலாம், வியர்வை குறைவு. வெளிச்சத்தம் உள்ளே வரும், அழுத்தம் கூடினால் ஒரு மணித்தியாலத்தில் காதுக் குருத்தெலும்பு நோகும், இவை இரண்டும் அதன் குறை. எந்தக் கம்பனியாக இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும்: அழுத்தினால்தான் சத்தம் தடைப்படும், தளர்த்தினால்தான் காது பிழைக்கும்.

உங்கள் பஸ்ஸை நினைத்துப் பார்த்தால், சாரதி போடுகிற பாட்டு ஒரு பக்கம், ஹோர்ன் ஒரு பக்கம், சீனக்குடா தாண்டியதும் திறந்த யன்னலால் அடிக்கிற காற்று இன்னொரு பக்கம். அதனால் பின்பக்கம் மூடிய வகையே, அதாவது காதில் படுகிற கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்திருக்கிற வகையே வேண்டும். பின்பக்கம் திறந்தது வீட்டுக்குத்தான்.

மூடியதில் மலிவாக, நம்பி வாங்கக்கூடியது சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110. வயர் உள்ளது, தட்டையாக மடியும், உள்ளே ஒலி எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர், அதாவது டிரைவர், 30 மில்லிமீற்றர். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பேஸ், அதாவது தாழ்ந்த 'டும்' ஒலி, கொஞ்சம் வீங்கிக் கேட்கும், குரல் அடக்கம். ஆனால் பஸ் இரைச்சலில் முதலில் காணாமல் போவது பேஸ்தான் என்பதால் அந்த வீக்கம் அங்கே உதவிதான் செய்கிறது.

13 ஜனவரி, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. அதே மொடலில் பெயரின் கடைசியில் ஏபி என்ற எழுத்து இருந்தால் மைக் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பஸ்ஸில் போன் கதைப்பவர் என்றால் ஏபி கேட்டு வாங்குங்கள். கதைக்காமல் இருப்பது பக்கத்து சீற்றுக்காரருக்கு நல்லது.

16 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் மூன்று பேர் கோஸ் போர்ட்டா ப்ரோவைச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். எங்கே ஒன்-இயர் பேச்சு எடுத்தாலும் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

அமெரிக்காவில் மில்வோக்கியில் இருக்கிற கோஸ் கம்பனி 1984-இல் விட்ட சாமான் அது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள். மெல்லிய உலோகப் பட்டி, பஞ்சு மெத்தை, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டில் தங்குகிற இன்னொரு சின்ன மெத்தை. அந்த இடத்தில் இருக்கிற தள்ளு சுவிச்சை நகர்த்தினால் பாரத்தின் ஒரு பங்கை காதில் இருந்து எடுத்து மண்டையின் பக்கவாட்டுக்குக் கொடுத்துவிடும். அந்த ஒரு யோசனைக்கே காசு கொடுக்கலாம். பட்டி தலைமுடியைப் பிடித்து இழுக்கும் என்று எல்லோரும் திட்டுவார்கள், ஸ்கார்ஃப் மேல் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் பின்பக்கம் திறந்தது. நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், பஸ்ஸின் சத்தம் முழுவதும் உங்களுக்குக் கேட்கும். அதை அமுக்க வொலியூமைக் கூட்டுவீர்கள், அங்கேதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபலுக்கு ஏறினால் அதே கிழமைக்கு 4 மணித்தியாலம், அவ்வளவுதான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் போகிறவருக்கு அந்த 4 மணித்தியாலம் செவ்வாய்க்கிழமையிலோ புதன்கிழமையிலோ முடிந்துவிடும்.

எனக்குப் போர்ட்டா ப்ரோ வீட்டு விறாந்தைக்கு. உப்புவெளியில் பின்னேரம் காற்று வருகிற பக்கம் கதிரையைப் போட்டு, வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும், அடுப்பில் குக்கர் விசில் கேட்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும் என்றால் அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. தவில் தனியாக அடிக்கிற ஒரு பழைய கச்சேரிப் பதிவு வைத்திருக்கிறேன், எந்த ஹெட்போனையும் அதில்தான் பார்ப்பேன். வலந்தலை இடந்தலை இரண்டும் பிரிந்து கேட்க வேண்டும். மலிவானவை பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து ஒரே 'டும்' ஆக்கிவிடும்.

17 ஜனவரி

"போர்ட்டா ப்ரோ 101 டெசிபல், சோனி 98 டெசிபல், அப்ப கோஸ்தானே சத்தம் கூட?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பெட்டியில் போட்டிருப்பது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் என்பது. போன் கொடுப்பது மில்லிவாட்டை எண்ணி அல்ல, வோல்டேஜை. மின்தடை கோஸுக்கு 60 ஓம், சோனிக்கு 24 ஓம். ஒரே வோல்டேஜில் 24 ஓம் உள்ளது இரண்டரை மடங்கு மின்வலுவை எடுக்கும், அது கிட்டத்தட்ட 4 டெசிபல். ஆக 98-உம் 4-உம் 102. ஒரே போனில் சோனிதான் ஒரு துளி கூட. அந்த ஒரு டெசிபலை யாரும் காதால் கண்டுபிடிக்கப் போவதில்லை, அது வேறு கதை.

பெட்டியில் போடுகிற இன்னொரு எண், எவ்வளவு தாழ்ந்த ஒலியில் இருந்து எவ்வளவு உயர்ந்த ஒலி வரை வரும் என்பது, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 12 முதல் 22,000 ஹேர்ட்ஸ், 15 முதல் 25,000 ஹேர்ட்ஸ் என்றெல்லாம் இருக்கும். மனிதக் காது 20-இல் தொடங்கி 20,000 வரை, அதுவும் சின்ன வயதில். மேல் எல்லை வயதோடு இறங்கிக்கொண்டே வரும். கடைக்காரர் அந்த எண்ணைக் காட்டி விலை கூட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

21 ஜனவரி

விலை. கோஸை இங்கே கடையில் நான் கண்டதில்லை, வெளிநாட்டில் இருந்து யாராவது வந்தால்தான். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் போர்ட்டா ப்ரோ 50 டொலர் அளவில் இருந்தது. டொலர் அப்போது 320 ரூபாவுக்குப் பக்கம் நின்றது, ஆக 16,000. வரி, அனுப்புகூலி சேர்க்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15-இல் இருந்து 18 வீதமாகிவிட்டது. அதே கம்பனியின் கேபிஎச்30ஐ அப்போது 30 டொலர் அளவில், அதாவது 9,600. அதுவும் 60 ஓம், பஞ்சு மெத்தை, வயரில் மைக்கும் உண்டு, போர்ட்டா ப்ரோவைவிடக் குரல் தெளிவு என்பது என் அபிப்பிராயம். பட்டி பிளாஸ்டிக், அதனால் இலேசு. கேஎஸ்சி75 என்று இன்னொன்று இருக்கிறது, அப்போது 20 டொலர் அளவில், விலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அது காதில் கொளுவுகிற கிளிப் வகை, கண்ணாடிக் காம்புடன் சண்டை போடும், ஸ்கார்ஃபுக்கு மேல் கொளுவவே முடியாது. உங்கள் பட்டியலில் இருந்து அதை வெட்டிவிடுங்கள்.

கனடாவில் அல்லது லண்டனில் மாமாவோ சாச்சாவோ உள்ளவர்கள் சொக்லேட்டுக்குப் பதில் இதைக் கேட்கலாம்.

22 ஜனவரி

ஸ்கார்ஃப் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். நான் கட்டுவதில்லை, வீட்டுக்காரியின் தோழி ஒருவரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்னதும் நான் துணியை இடையில் வைத்துக் கேட்டதும் சேர்த்து எழுதுகிறேன்.

மெல்லிய பருத்தியோ சிஃபோனோ ஒரு மடிப்பு என்றால் ஒலி கிட்டத்தட்ட அப்படியே வரும். இரண்டு மூன்று மடிப்பு காதுக்கு மேல் வந்தால் கைத்தாளம், சிலம்புச் சத்தம் போன்ற உயர்ந்த ஒலிகள் மங்கும். மூடிய வகைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் பேஸ் மெத்தை காதோடு இறுகி இருப்பதில் இருந்துதான் வருகிறது. மடிப்பு விழுந்த இடத்தால் காற்று ஒழுகினால் பேஸ் போய்விடும், கண்ணாடிக் காம்பும் அதே வேலையைச் செய்யும். திறந்த பஞ்சு வகைக்கு இந்தப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் அது தொடக்கத்தில் இருந்தே ஒழுகுகிற சாமான்தான். வழுக்குகிற துணியில் பட்டி பின்னுக்கு இறங்கும் என்றார் அவர். தலையின் உச்சியில் வைக்காமல் கொஞ்சம் முன்னுக்கு வைத்தால் நிற்கிறதாம். ஊசி குத்துகிற இடத்தைக் காதுக்கு மேல் வைக்காமல் தாடைக்குக் கீழ் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மெத்தை ஊசியை அமுக்கி உயிர் போகும்.

அதனால் 13-ஆம் திகதி எழுதியதை இப்படித் திருத்துங்கள்: காதுக்கு மேல் துணி ஒரு மடிப்பில் தட்டையாக வருகிற மாதிரிக் கட்டினால் சோனி. மடிப்பு மடிப்பாக வருகிற பாணி என்றால் மூடிய வகையின் பயன் பாதி போய்விடுகிறது, கேபிஎச்30ஐ-யும் யோசிக்கலாம், வொலியூமில் கண் வைத்து.

24 ஜனவரி

கடையில் போட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேள்வி. விடுவார்கள், கேட்டால். பிரதான வீதியில் இரண்டு மூன்று கடையில் டிஸ்பிளே ஒன்று வைத்திருப்பார்கள். இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றாதீர்கள், ஒன்-இயரில் நோவு கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும். கடைப் பொடியன் ஒரு மாதிரிப் பார்ப்பான். பார்க்கட்டும். பாட்டு வேண்டாம், சும்மா போட்டபடி வேறு சாமான் விலை கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

புதிது இறுக்கமாக இருந்தால் ஹெட்போனை அதன் பெட்டியின் மேல் விரித்து இரவு முழுக்க வையுங்கள், இளகும். உலோகப் பட்டியைக் கையால் மெல்ல வளைக்கலாம். பிளாஸ்டிக்கை வளைத்தால் உடையும், பிறகு என்னிடம் வராதீர்கள்.

30 ஜனவரி

இப்போது எனக்குப் பிடித்த விடயம்: உப்பும் ஈரமும்.

கடலோரம் இருக்கிறவர்கள் எந்த மதிப்புரையையும் வாசித்துவிட்டு அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'மென்மையான தோல் மெத்தை' என்று போட்டிருப்பது பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பொலியுரீத்தேன். ஈரக் காற்றில் அந்தப் பூச்சின் மூலக்கூற்றுப் பிணைப்பையே நீர் உடைக்கிறது, நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது நடக்கும். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த ஹெட்போனை எடுத்துப் போட்டால் கருகிய அப்பளம் மாதிரிப் பொடிப்பொடியாய் உதிர்ந்து காதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். வாடைக் காற்று மழையில் ஈரம், கச்சான் காற்று மாதங்களில் சூடும் வியர்வையும், ஆக வருடம் முழுக்கப் பூச்சுக்கு விடுமுறை இல்லை. என் சோனியின் மெத்தை உரியத் தொடங்கியபோது பழைய பருத்தி பனியன் துணியில் உறை தைத்துப் போட்டோம். பேஸ் கொஞ்சம் குறைந்தது, காது குளிர்ந்தது. உங்களுக்கு அந்த உறை முதல் நாளில் இருந்தே நல்லது.

பஞ்சு மெத்தையும் கிழியும், பிசுபிசுக்கும், ஆனால் அது சில நூறு ரூபாச் சாமான், கையாலேயே மாற்றலாம். 1979-இல் வாக்மன் வந்தபோது கூட வந்த ஹெட்போனிலும் இதே பஞ்சுதான். கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் கடக்கும்போது அப்படி ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டு நிற்பது ஒரு கெத்து. 2009-இல் பாலம் திறந்தார்கள், பாதை போயிற்று. அந்த வாக்மனுக்குப் பென்சில் பற்றரி வாங்கியே காசு கரைந்ததை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

பிளக்கைப் பாருங்கள். பொன்முலாம் தேய்ந்த இடத்தில் பச்சை பிடிக்கும், அப்புறம் கரகரப்பு வரும். வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், ஒருவர் எழுதியிருந்தார், தயவுசெய்து வேண்டாம். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் ஹெட்போன் பையில் போட்டு வையுங்கள்.

4 பெப்ரவரி

"பாட்டு வருது, பாடுறவரைக் காணேல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், புது ஹெட்செட்டாம். அலுவலகத்தில் எல்லோரும் கரோக்கே ஹெட்செட் என்று சிரித்தார்களாம். இது பேயும் இல்லை, பழுதும் இல்லாமல் இருக்கலாம்.

பாடுகிறவரின் குரல் பெரும்பாலான பதிவுகளில் இடம் வலம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும், அதனால்தான் நடுமண்டையில் கேட்கிறது. இரண்டு காதுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகிற எர்த் வயர் அறுந்தால், அல்லது பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால், இரண்டு டிரைவரும் தொடராக மாட்டிக்கொள்கின்றன. அப்போது கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஒரே மாதிரி இருந்த குரல் கழிபட்டுப் போகும், ஓரத்தில் இருந்த வயலினும் எதிரொலியும் மிஞ்சும். தடிப்பான போன் கவர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள்.

அதுவும் இல்லை என்றால் மைக் உள்ள நான்கு தொடுமுனைப் பிளக்கில் இரண்டு இணைப்பு முறை உண்டு, சிடிஐஏ, ஓஎம்டிபி என்று. மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். பழைய போனுக்கு வந்த ஹெட்செட்டை இப்போதைய போனில் போட்டால் இந்த வேலை நடக்கும். மைக் பொத்தானை அமுக்கிப் பிடியுங்கள், குரல் திரும்பி வந்தால் இதுதான் காரணம். மாற்றி வயர் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

வயர் அறுந்ததுதான் என்றால் பிளக்குக்குப் பக்கத்தில் வெட்டிப் புது பிளக் பற்றவைக்கலாம். உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி, எனாமல் பூச்சு, பூச்சோடு பற்றவைத்தால் பிடிக்காது. சூடான இரும்பில் ஈயத்தோடு சேர்த்து ஒரு தடவை எரித்த பிறகே ஒட்டும். சிவப்பு வலம், பச்சை அல்லது நீலம் இடம், செம்பு நிறம் எர்த். பெரும்பாலும் இப்படித்தான், ஆனாலும் மீற்றரில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

5 பெப்ரவரி

வயரை மூன்று விரலில் சுற்றிக் கடைசியில் முடிச்சுப் போடுகிறவர்களுக்குத்தான் நேற்றைய பாடம் தேவைப்படும்.

11 பெப்ரவரி

"போனில் ஓட்டையே இல்லையே அண்ணா." சரி, அதற்கும் வருவோம். சார்ஜ் போடுகிற துளையில் ஹெட்போன் வயரை மாட்ட உதவுகிற யூஎஸ்பி-சி மாற்றியில் இரண்டு வகை. ஒன்று வெறும் கம்பி இணைப்பு, போனே ஒலியை அந்த வழியால் விட்டால் மட்டும் வேலை செய்யும். மற்றது உள்ளே சின்ன சிப் வைத்தது. இரண்டாவதை வாங்குங்கள், எதற்கு எது பொருந்தும் என்று மண்டையை உடைக்க வேண்டாம். அப்பிளின் சி மாற்றி மலிவும் நல்லதும், ஆனால் பல அண்ட்ரொய்ட் போன்களில் அதன் சத்தம் பாதியில் நின்றுவிடும். கடையில் உங்கள் போனிலேயே மாட்டிக் கேளுங்கள்.

18 பெப்ரவரி

வயர் இல்லாதது வேண்டும் என்கிறவர்களுக்கு. சோனி டபிள்யூஎச்-சிஎச்520: 147 கிராம், ஒரு சார்ஜில் 50 மணித்தியாலம், கம்பனிக் கணக்கில். 2024-இல் 60 டொலர், ஆக இங்கே பத்தாயிரத்தின் இரட்டிப்பு அளவில் இருந்தது. ஜேபிஎல் டியூன் 510பிடி: 40 மணித்தியாலம், 5 நிமிடம் சார்ஜ் போட்டால் 2 மணித்தியாலம். ஜேபிஎல் பேஸ் கூட, அழுத்தமும் கூட. கண்ணாடிக்காரர்களுக்கு சோனி. இரண்டிலும் இரைச்சலை அழிக்கிற வசதி கிடையாது, கடைக்காரர் உண்டு என்றால் பெட்டியில் எங்கே போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சிஎச்520-இல் வயர் குத்துகிற துளையே இல்லை, சார்ஜ் முடிந்தால் அது தலைப்பட்டி மட்டும்தான்.

இந்த இரண்டுக்கும்தான் போலிகள் அதிகம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று ஆசைப்படாதீர்கள். சிஎச்520-ஐ சோனியின் சொந்த ஆப்பில் இணைத்துப் பாருங்கள், அதில் பெயர் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

எனக்கு வயர்தான். பற்றரி கிழடு தட்டிய பிறகு இந்த விலைக்கு மாற்றித் தர ஆளும் இல்லை, மாற்றுகிற செலவுக்கு இன்னொன்று வாங்கலாம். யாரோ சென்ஹைசர் எச்டி 25 சொன்னார்கள். 1988-இல் இருந்து விற்கிறது, ஒவ்வொரு பாகமும் தனியாகக் கழற்றி மாற்றலாம், பாதி ஆயுசுக்கு வரும். உண்மைதான். ஆனால் கேட்டவர் பத்தாயிரம் என்றார், அந்த விலையைச் சொன்னால் பஸ்ஸில் இருந்து இறங்கிவிடுவார்.

25 பெப்ரவரி

கிண்ணியாச் சகோதரி சோனி வயர் வகையே வாங்கிவிட்டாராம், ஏபி. மெத்தைக்கு உறையும் தைத்தாயிற்றாம். பஸ்ஸில் வொலியூம் பாதிக்கு மேல் போகவில்லை என்று எழுதியிருக்கிறார், நல்லது. தம்பி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தானாம். இறங்கினதும் கழற்றிக் கழுத்தில் போடுங்கள். பஸ் நிலையத்தில் இருந்து வெளியே வரும்போது ஆட்டோவும் மாடும் சில நேரம் மானும் ஒரே பக்கத்தில் இருந்து வரும், மூடிய ஹெட்போனில் மூன்றும் கேட்காது.

26 பெப்ரவரி

கறுப்பா வெள்ளையா என்று கேட்டவருக்கு: கறுப்பு. வெள்ளை மெத்தை இந்த வெயிலில் ஒரு கச்சான் காலத்துக்குள் மஞ்சளாகும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.